நாலு மணிக்கு ஒரு குழு

ஒன்பது வருடமாக ஒரு மனிதரை நான் சனிக்கிழமைதோறும் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளும் ஆசை வரும். அப்படி வந்தால் நம்பாதீர்கள்.

அவரை எல்லோரும் இன்ஜின்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஒரு பழைய நீரேற்று நிலையம் இருக்கிறது. அதற்குக் காவலாளி, வழிகாட்டி, எண்ணெய் போடுபவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாமே அவர்தான். ஒரு காலத்தில் ஊர் முழுக்கக் குடித்த தண்ணீரை மேலே ஏற்றியது அங்கிருக்கும் ஒரே ஒரு பெரிய எண்ணெய் இன்ஜின். புதுக் குழாய்கள் வந்ததும் நகராட்சி அதை நிறுத்தியது. தூக்கி எறிய மனம் வராமல் காட்சிப்பொருளாக வைத்தது. இருபத்திரண்டு வயதில் எண்ணெய்க் குவளையோடு உள்ளே போனவர் ஐம்பத்தேழு வயதிலும் அங்கேயே இருந்தார். "இவனைக் காட்சிக்கு வெச்சப்ப என்னையும் சேர்த்து வெச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

அவர் சிரிப்பு எனக்குத் தெரியும், முகம் தெரியாது. எல்லாம் தொலைபேசிதான்.

நான் ஒரு சின்னச் சுற்றுலா நிறுவனத்தில் திட்டம் போடுபவள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு மேசை. ஒன்று எனக்கு, ஒன்று முதலாளிக்கு. அவர் மேசை பெரியது, வேலை சின்னது. எங்களிடம் நன்றாக ஓடியது 'உங்கள் இஷ்டம்போல் ஒரு நாள்' என்ற திட்டம். ஒரே குடும்பமாகவோ நண்பர்களாகவோ பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். அவர்களுக்கென்று தனி வேன். பிடித்த இடத்தில் கூடுதலாக இருக்கலாம், பிடிக்காததை விட்டுவிடலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தோம்.

நிஜமாகவே இஷ்டம்போல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. பதினான்கு பேருக்குப் பதினான்கு இஷ்டம். மாமியார் தோட்டம் என்பார், மருமகள் கடைவீதி என்பாள், மச்சான் எங்காவது படுக்க இடம் கிடைத்தால் போதும் என்பார். வேன் முச்சந்தியில் முக்கால் மணி நேரம் நிற்கும். மாலையில் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு இறங்குவார்கள். மறுநாள் புகார் எங்கள் தலையில் விழும்.

அப்போதுதான் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூட்டத்துக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு இடம் கொடுத்துவிட வேண்டும். நான்கு நல்ல இடங்களோடு ஐந்தாவதாக ஒரு சப்பை இடத்தைச் சேர்த்தால் போதும், அதை எல்லோரும் கூடிக் கழித்துவிடுவார்கள். கை தூக்கி வாக்கெடுப்பு நடக்கும், வேன் முழுக்கச் சிரிப்பாக இருக்கும், மாமியாரும் மருமகளும் முதல் தடவையாக ஒரே கட்சியில் நிற்பார்கள். ஒன்றைக் கழித்த திருப்தியில் மற்ற நான்கையும் நான் போட்ட வரிசையிலேயே பார்த்துவிட்டு, எல்லாம் எங்கள் விருப்பப்படியே நடந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதலாளி என்னை மூளைக்காரி என்றார். நானும் தலைகால் புரியாமல் நடந்தேன்.

அந்த ஐந்தாவது இடம் நீரேற்று நிலையம்.

அது தானாகக் கழிந்துவிடவில்லை. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கழிய வைத்தேன். கடைவீதியில் கால் கடுக்க நடந்து முடிக்கும் நேரமாகப் பார்த்து, மாலை நாலு மணிக்கு வைத்தேன். திட்டத் தாளில் அந்த இடத்துக்கு நேரே, 'பழைய இயந்திரம் ஒன்று. சத்தமும் எண்ணெய் வாடையும் இருக்கும். நிழல் குறைவு' என்று எழுதினேன். நிழலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, நான் அங்கே போனதே இல்லை. ஒரு தடவை நாற்பது வயது நண்பர்கள் குழு ஒன்று, அதில் மூன்று பேர் மெக்கானிக், இன்ஜினைப் பார்த்தே தீருவோம் என்று ஒற்றைக் காலில் நின்றது. அங்கே போனால் ஒன்றரை மணி நேரம் போய்விடும், ஓட்டுநருக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும். நான் ஓட்டுநரைக் கூப்பிட்டு, புது ஷூ எல்லாம் எண்ணெயாகிவிடும் என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். மறுபடி கை தூக்கினார்கள். இன்ஜின் தோற்றது.

கழிக்கப்போகிற இடத்துக்கு எதற்கு முன்பதிவு என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் செய்யவில்லைதான். ஆனால் சந்தேகப் பேர்வழி ஒருவர் வேனிலிருந்தே நிலையத்துக்குப் போன் போட்டு, எங்கள் பெயரில் பதிவே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து தாளில் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் காலையிலேயே பேசி உறுதி செய்ய வேண்டும் என்று முதலாளி கட்டளை போட்டார்.

ஆகவே சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் கூப்பிடுவேன்.

"அண்ணே, நாலு மணிக்கு ஒரு குழு. பதினாலு பேர்."

"வரட்டும் தங்கச்சி, வரட்டும்! இன்னைக்கு அவன் கொஞ்சம் முரண்டு பிடிப்பான், ராத்திரி பனி ஜாஸ்தி. மூணு மணிக்கே தலையைச் சூடு பண்ண ஆரம்பிச்சிடறேன். வயசானவங்க இருக்காங்களா? நாற்காலி போடணுமா?"

அந்த இன்ஜின் சாவியைத் திருப்பினால் ஓடும் ஜாதி இல்லை. ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விட வேண்டும், தலைப்பகுதியை ஊதுவிளக்கு வைத்து அரை மணி நேரம் பழுக்கக் காய்ச்ச வேண்டும், பிறகு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் சக்கரத்தைக் கையால் அசைத்துக் கிளப்ப வேண்டும். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால் அவர் சொல்லிச் சொல்லித்தான். நான் போனை மேசையில் வைத்துவிட்டு வேறு குழுவின் தாளைத் தட்டச்சு செய்தபடி "ம்... ம்" கொட்டிக்கொண்டிருப்பேன். என் மகளின் பரீட்சைத் தேதி அவருக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஒற்றைத் தலைவலி என்று தெரிந்ததும் வாராவாரம் விசாரிப்பார். அவர் வாயால் தங்கச்சி என்று கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் வெட்கக்கேடு.

மூன்றரை மணிக்கு மறுபடி கூப்பிட்டு ரத்து செய்வேன். கூட்டம் உங்கள் இடத்தை வேண்டாம் என்றது என்று எப்படிச் சொல்வது? குழந்தைக்குக் காய்ச்சல் என்பேன், வண்டி பஞ்சர் என்பேன், மழை என்பேன். ஒரு தடவை வேறெதுவும் தோன்றாமல் வேனில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கே போன் செய்து அந்த நெஞ்சுவலிக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். "இப்ப தேவலாம்ணே" என்றேன், கூசாமல். இரண்டு மூன்று சனிக்கிழமை ரத்து செய்யவே மறந்திருக்கிறேன். ஆறு மணிக்கு ஞாபகம் வரும். இனிமேல் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அடுத்த வாரம் அவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்.

இப்படியே போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். குரலில் சுரத்தே இல்லை.

"தங்கச்சி, ஒரு உதவி. நகராட்சில இருந்து லெட்டர் வந்திருக்கு. போன வருஷம் மொத்தம் அறுபத்தோரு பேர்தான் பாக்க வந்தாங்களாம். இடத்தைப் பூட்டப் போறாங்க. இவனைப் பழைய இரும்புக்குப் போடறாங்களாம். பின்னாடி இருக்கற வீட்டை ரெண்டு மாசத்துல காலி பண்ணணும்."

"ஐயோ, அண்ணே."

"ஓய்வு பெற இன்னும் மூணு வருஷம் இருக்கு. வீட்டுக்காரி இந்தத் திண்டாட்டத்துலயும் தையல் மிஷினை எங்க கொண்டு போறதுன்னு அழறா. நான் என்ன சொல்றேன்னா, உங்க குழுங்க வாராவாரம் பதிவு பண்றாங்கல்ல? வந்து சேர முடியல, அது வேற. ஆனா வரணும்னு ஆசைப்பட்டவங்கதானே? வியாழக்கிழமை அதிகாரி விசாரிக்க வர்றாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? முதலாளியிடம் சொன்னபோது, "போ, கூட்டம் ரொம்ப விரும்புதுன்னு ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிட்டு வா. நம்ம பேரு கெடாம பாத்துக்க" என்றார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் போய் இறங்கினேன். வாசலில் ஒரு பெரிய மரம் முற்றம் முழுவதையும் மூடிக்கொண்டு நின்றது. அதன் அடியில் நாலு வேன் நிறுத்தலாம். நிழல் குறைவு என்று நான் எழுதிய இடம் அது. உள்ளே போக மனசில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அவர் ஓடி வந்தார். அந்தக் குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. குட்டையான, ஒல்லியான மனிதர், கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. "தங்கச்சிதானே? குரலை வெச்சு நான் உங்களை ஒசரமா நெனைச்சிருந்தேன்" என்றார். பிறகு என்னைத் தோளருகே மெல்ல நகர்த்தி, "வலது பக்கம் நில்லுங்க. இவன் பக்கத்துலயே நின்னு நின்னு இடது காது மொத்தமா போச்சு. அந்தப் பக்கம் இடி இடிச்சாலும் தெரியாது" என்றார்.

இன்ஜினைப் பார்த்தேன். அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. பித்தளைப் பாகங்களில் என் முகம் தெரிந்தது. சுவரோரம் பதினான்கு நாற்காலிகள். நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு கிண்ணம், கிண்ணம் நிறையப் பஞ்சு உருண்டைகள்.

"சத்தம் தாங்காதுல்ல, காதுல வெச்சுக்க" என்றார் அவர் மனைவி, கைகளைத் துடைத்தபடி வந்து. "ஒரு ஆளுக்கு ரெண்டு. அதிகாரி பாக்கட்டும்னு இன்னைக்கும் வெச்சேன். நீங்க காலைல போன் பண்ணி ஆள் கணக்கு சொன்னதும் உருட்ட ஆரம்பிச்சிடுவேன். எல்லாம் ஒரே அளவா இருக்கணும்னு இவரு உசிரை வாங்குவாரு."

"வரலைன்னா அதை என்னக்கா பண்ணுவீங்க?"

"தூக்கித்தான் போடணும். தூசி படிஞ்சதை அடுத்தவங்க காதுல வைக்கக் கூடாதும்பாரு. புதுசா உருட்டிடுவேன். அதுக்கென்ன, பஞ்சுதானே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒன்பது வருடப் பஞ்சு.

அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டவர் இல்லை, சீக்கிரம் முடித்துவிட்டுப் போக நினைக்கிறவர். பதிவேட்டை வாங்கி நின்றபடியே புரட்டினார். புதனும் சனியும் மட்டும் இன்ஜினை ஓட்டலாம், ஒரு நாளைக்கு ஒரு குழுதான், அதற்கு மேல் எரிபொருள் கிடையாது என்பது நகராட்சி விதி. இதை அவர் வாய்விட்டுப் படித்தபோதுதான் நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"போன வருஷம் நாப்பத்தேழு சனிக்கிழமை ஒரே கம்பெனிக்குப் பதிவாயிருக்கு. ஒரு குழுகூட வரல. ஏன்?" என்று என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஜின்காரர் எனக்காகப் பரிந்து பேச ஆரம்பித்துவிட்டார். "சார், கூட்டம்னா ஆயிரம் இருக்கும். எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன், பாருங்க. காய்ச்சல், பஞ்சர், மழை, மறுபடி மழை, சம்பந்தி வீட்டுல சாவு. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?" என் பொய்கள் எல்லாம் அவர் முத்து முத்தான கையெழுத்தில் தேதி வாரியாக இருந்தன.

அதிகாரி கடைசிப் பக்கங்களுக்குப் போனார். "இது என்ன? செவிலியர் பயிற்சிப் பள்ளி, முப்பது பேர், இடமில்லை. தொழிற்கல்விப் பள்ளி, நாப்பது பேர், இடமில்லை. இப்படியே பத்தொன்பது இருக்கு. எல்லாரையும் ஏன் வேண்டாம்னீங்க?"

"அன்னைக்கெல்லாம் தங்கச்சியோட குழு இருந்துச்சு சார். ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டு இன்னொருத்தரை எப்படி வரச் சொல்றது? அவங்க வந்து நின்னா?"

மனக்கணக்குப் போட்டேன். ஐந்நூறு பேருக்கு மேல். அவர்கள் வந்திருந்தால் அந்தக் கடிதமே வந்திருக்காது. அதிகாரி என்னிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க ஆளுங்களுக்கு இந்த இடம் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும் என்றால், நாற்பத்தேழு குழு கேட்டும் ஒருவர்கூட வராத இடம் என்று எழுதி முடித்துவிடுவார். உண்மையைப் போட்டு உடைத்தால், வர நினைத்தவர்களை நாங்கள்தான் அடைத்துக்கொண்டிருந்தோம் என்று எழுதுவார், இடம் பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் அந்த உண்மையை இவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அப்போது நான் செய்த காரியம்தான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. பதிவேட்டைப் பார்ப்பதுபோல நகர்ந்து, அவருக்கு இடது பக்கம் போய் நின்றுகொண்டேன். சின்னக் குரலில் சொன்னேன்.

"வர்ற எண்ணத்தோட ஒண்ணைக்கூடப் பதிவு பண்ணல சார். கூட்டம் வேண்டாம்னு தள்றதுக்குன்னே இந்த இடத்தைத் தாள்ல போடுவோம். அதுக்கு முன்னாடி எட்டு வருஷமும் அப்படித்தான்."

அதிகாரியின் பேனா நின்றது. இன்ஜின்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், தங்கச்சி என்ன சொல்றாங்க? நல்லதாத்தானே?"

"நீங்களே அவருக்குச் சொல்லிடுங்கம்மா," என்றார் அதிகாரி. "நான் எழுதப்போறது அவருக்குத் தெரியாம இருக்கக் கூடாது."

சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். நாலு அடிதான். அந்தக் கூடத்தில் எதைச் சொன்னாலும் கூரை வரை போய்த் திரும்பி வரும்.

"அண்ணே, எந்தக் குழுவும் வர்றதா இருந்ததே இல்ல. நான் சும்மா பதிவு பண்ணேன். வாராவாரம்."

அவர் சிரிப்பு உடனே போய்விடவில்லை. எதையோ சரி பார்ப்பவர்போலக் கேட்டார். "அந்தக் காய்ச்சல்?"

"பொய்ணே."

"பஞ்சர்?"

"அதுவும்தான்."

"ஒருத்தருக்கு நெஞ்சுவலின்னீங்களே. நான் மறுநாள் வீட்டுக்குப் போன் பண்ணி விசாரிச்சேனே?"

"அப்படி ஒருத்தர் இல்லவே இல்லண்ணே."

அவர் மனைவி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், அழுதிருப்பேன், எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் பதிவேட்டை அதிகாரியின் பக்கமாகத் திருப்பி நேராக வைத்தார்.

"மேடம் சொல்றதை எழுதிக்கோங்க சார்" என்றார்.

இடம் பிழைத்தது. இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. வீடும் தப்பித்தது. சனிக்கிழமைகள் பள்ளிகளுக்குப் போயின. அந்த மாதமே நூற்றைம்பது பிள்ளைகள் வந்ததாகக் கேள்விப்பட்டேன். முதலாளி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா என்று இரண்டு நாள் குதித்தார். திட்டம் போட வேறு ஆள் இல்லாததால் அடங்கினார். ஐந்தாவது இடத்தைத் தாளிலிருந்தே எடுத்துவிட்டேன். கூட்டங்கள் இப்போது முச்சந்தியில் சண்டை போடுகின்றன. போடட்டும்.

நாலு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமைக்கு, நிஜமாகவே இன்ஜின் பார்க்க வேண்டும் என்று ஒரு குழு கேட்டது. காலை முதல் இடமாக, பத்து மணிக்கு வைத்தேன். அவர் எண்ணைச் சுழற்றினேன்.

"அண்ணே, நான்தான்."

"சொல்லுங்க மேடம். குழு பேரு? ஆள் கணக்கு? நேரம்?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். இன்ஜின் எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. "அக்கா நல்லா இருக்காங்களாண்ணே?" என்றேன்.

"இன்னொரு லைன் வருது மேடம்" என்று வைத்துவிட்டார்.

அந்தப் புதன்கிழமை குழுவோடு நானும் போயிருக்கலாம். முதலாளியும் போகச் சொன்னார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்திருந்தேன். மாலையில், அந்த மாதம்தான் சேர்ந்திருந்த ஓட்டுநர் வேன் சாவியைக் கொடுக்க மேலே வந்தார். ஆள் துள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்னா இடம்க்கா அது! இன்ஜின் கிளம்பினதும் தரையே அதிருது. எல்லாரும் ரெண்டாவது தடவை ஓட்டச் சொல்லிக் கெஞ்சறாங்க. அந்த அண்ணன் என்னையும் உள்ள கூப்பிட்டு எண்ணெய் ஊத்தச் சொன்னாரு. கிளம்பறப்ப எங்க வீட்டைப் பத்தியெல்லாம் விசாரிச்சாரு, தங்கமான மனுஷன்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"உங்களைப் பத்தியா? இல்லையேக்கா." சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். "ஏன்க்கா, அவருக்கு உங்களைத் தெரியுமா?"

நான் மறுநாள் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "தெரியாது" என்றேன்.